தொண்டைமானாற்றில் கதவு இருக்கிறது, ஏரித் தண்ணீர் ஏன் இன்னும் உப்பு?

வல்லைக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடத்துக்குப் பிறகு இந்த ஆவணியில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் இருக்கிற செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தேன். அம்மா வைத்த நேர்த்தி. மடத்தில் அன்னதானம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரையால் நடந்து பாலத்தடிக்குப் போனேன். சின்ன வயதில் அந்தப் பக்கம் ஆறுதலாகப் போய்ப் பார்க்கிற நிலைமை இருக்கவில்லை, உங்களுக்குத் தெரியும்.

அங்கே கடலுப்பை மறிக்கிற அணை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிளிநொச்சியின் பெரிய இரணைமடுக் குளத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். வரிசையாகத் தூண்கள், இடையிடையே கதவுகள், அவ்வளவுதான். வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் கடல். தெற்கே வல்லைப் பக்கம் போகப் போக அகலும் ஏரி. உட்பக்கத்தில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உடனே துப்பினேன். பிறகு கடல் பக்கத்துத் தண்ணீரையும் ருசி பார்த்தேன். சத்தியமாக, ஏரித் தண்ணீர்தான் கூட உப்பு! பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் சிரித்தார். “தம்பி, கோடையிலே உள்ளுக்குத்தான் உப்புக் கூட. மாரி முடிய வந்து குடிச்சுப் பாரும்” என்றார்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். உப்பை மறிக்கக் கட்டிய கதவுக்கு உள்ளே உப்பு எப்படி வந்தது? இதைக் கட்டி எழுபது வருடம் ஆகிவிட்டது என்கிறார்கள். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புத்தூர்_ரீச்சர்

தம்பி, அந்த ஐயா சொன்னது சரி. அது பெயருக்குத்தான் ஆறு. ஊற்றெடுத்து ஓடிவருகிற ஆறு இல்லை, கடல் உள்ளே நீண்டு கிடக்கிற வடமராட்சி ஏரி. வல்லை, வாதரவத்தை, வரணி, அப்படியே முள்ளியான் பக்கம் வரை குடாநாட்டை வகிடு எடுத்த மாதிரிப் பிரித்துக்கொண்டு போகிறது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. மாரி மழை முடிந்தால் அடுத்த ஐப்பசி வரை அதற்கு வரும்படி கிடையாது, செலவுதான். வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் ஆவணி புரட்டாதியில் கடலையும் மிஞ்சிய உப்பு. கரை வற்றிய இடங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும், சோளகம் அடிக்கிற நேரம் அந்தத் தூள் கண்ணுக்குள் வரும்.

இதில் ஏரித் தண்ணீரைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. எங்களுடைய நிலம் சுண்ணக்கல். மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மறுவளமாகப் பாருங்கள். இறைத்து இறைத்து ஒரு அடியை இறக்கினால் உப்பு 40 அடி மேலே ஏறி வரும். நிலாவரைக் கிணற்றிலும் இதே கதைதான். மேலால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அதை வற்றாத அதிசயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆழத்தில் உப்பு என்கிற பாதியை விட்டுவிடுகிறோம்.

ஏரி உப்பாகக் கிடந்தால் அந்த உப்பு பக்கத்துக் கிணறுகளையும் அரிக்கும். ஏரியில் நல்ல தண்ணீர் நின்றால் அது கிணறுகளுக்கு முட்டுக்கொடுக்கும். கதவு கட்டிய நோக்கம் இதுதான். ஏரியிலிருந்து குடிக்கத் தண்ணீர் அள்ளுவதற்காகக் கட்டவில்லை.

பழைய_ஓவசியர்

நான் நீர்ப்பாசன வேலையில் 31 வருடம் இருந்தவன், இப்போது ஓய்வு. தொண்டைமானாற்றில் நேரடியாக வேலை செய்யவில்லை, ஆனால் அந்தக் கோப்புகளோடு புழங்கியிருக்கிறேன். ரீச்சர் சொன்னதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஆற்றின் பெயர் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கலிங்கத்துப் பரணியில் வருகிற கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக மரக்கலம் வருவதற்காக இந்த வாயை ஆழமாக்கினான் என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, அவன் உப்புக்காக வெட்டிய வாயை நாங்கள் உப்பு வராமலிருக்க மூடினோம்.

கதவு கட்டி முடிந்தது 1953. அரியாலைப் பக்கம் உப்பாற்றுக்கு இன்னொன்று 1955. இரண்டையும் தனித்தனி அணையாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வைத்த “யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு” திட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு மாரியில் ஆனையிறவு ஏரிக்குள் விழுந்து சும்மா கடலுக்குப் போகிறது. கிழக்கே சுண்டிக்குளத்தில் ஒரு அணைக்கட்டுப் போட்டு, மேற்கே ஆனையிறவில் ஏற்கெனவே இருக்கிற வீதி, ரயில் பாதை மண் அணையின் வாய்களை அடைத்தால், ஆனையிறவு ஏரி நன்னீராகும். அங்கிருந்து முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்குள் விட்டால், தண்ணீர் தொண்டைமானாறு வரை வரும், உப்பாற்றுக்கும் போகும். மலையைக் குடையவோ பெரிய இயந்திரம் வைத்து இறைக்கவோ தேவையில்லை. கடல் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பாத்திரத்தை நாங்கள் நான்கு இடத்தில் அடைத்தால் போதும்.

நடந்தது என்ன? கடைசி வாசல்கள் இரண்டும் முதலில் கட்டப்பட்டன. 60களில் ஆனையிறவுப் பக்கம் வேலை நடந்தது, சுண்டிக்குளத்தில் போட்ட மண் அணையை வெள்ளம் உடைத்துக்கொண்டு போனது, முள்ளியான் வாய்க்கால் முழுமையாகவில்லை. அதற்குப் பிறகு போர். ஆக, வீடு கட்டாமல் கதவை மட்டும் நிறுத்திவிட்டுக் காற்று வருகிறதே என்கிறோம். வடமராட்சி ஏரிக்குள் இன்றைக்கு வருவது அதைச் சுற்றி விழுகிற மழை மட்டும்தான்.

கதவிலும் குறை இருந்தது. முதலில் போட்டவை மரப் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் கடல் கசியும். போர்க்காலத்தில் பராமரிப்பே இல்லை. போர் முடிந்த பிறகு திருத்தினார்கள். நல்லது. ஆனால் பொச்சரிப்பு இல்லாமல் சொல்வதென்றால், இரும்புக் கதவு உப்புக் காற்றில் நின்றால் அது ஒரு நோயாளி மாதிரி. வருடா வருடம் பார்க்க வேண்டும்.

கச்சான்_சுருள்

தொண்டைமானாறு என்றால் எனக்கு ஞாபகம் வருவது வெளிக்கள நிலையத்துச் சோதனைத் தாள் மட்டும்தான் ஐயா. ஏ.எல். படித்த ஆள் எவனுக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் வயிறு கலங்கும். அங்கே ஒரு அணை இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

மண்டான்காரன்

ஓவசியர் ஐயா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. “கதவை மட்டும் நிறுத்தி” என்று லேசாகச் சொல்லாதீர்கள். அந்தக் கதவு இல்லாமல் கிடந்த காலமும் எங்களுக்குத் தெரியும். வாடை பெயர்ந்து கடல் ஏறுகிற நேரம் உப்புத் தண்ணீர் கரை வயலுக்குள் வந்தது. ஒருமுறை உப்பு ஏறிய வயலைக் கழுவ இரண்டு மூன்று மாரி வேண்டும். மானாவாரி நெல், வருடத்தில் ஒரே ஒரு போகம். அதிலும் மூன்று வருடம் போனால் பிறகு என்ன?

என் வாதம் சுருக்கம். கார்த்திகை முதல் வாரத்திலேயே கதவைச் சாத்துங்கள். வருகிற தண்ணீர் எல்லாம் உள்ளே நிற்கட்டும்.

களங்கண்டி

சாத்துங்கள் என்று சொல்ல உங்களுக்குச் சுகம். நாங்கள் மூன்று தலைமுறை இந்த ஏரியில் களங்கண்டி (கம்பு நட்டு வலை கட்டி மீன், இறால் பிடிக்கிற பொறி) கட்டுகிறோம், வள்ளம் வாங்கிக் கடலுக்குப் போக வசதி இல்லாத சனம். இறால் எங்கே பெருகுகிறது என்று நினைக்கிறீர்கள்? கடலில் பொரித்து, பொடியாக இருக்கும்போது ஏரிக்குள் வந்து வளர்ந்து, மாரி வெள்ளம் இறங்குகிற நேரம் கடலுக்குத் திரும்பும். வருகிற நேரம் கதவு மூடியிருந்தால் ஏரி வெறும் தண்ணீர்த் தொட்டி. போகிற நேரம் மூடியிருந்தால் தாய் இறால் கடலுக்குப் போகாது, அடுத்த வருடம் எங்களுக்கும் இல்லை, கடல்காரருக்கும் இல்லை.

திட்டம் போடுகிற எல்லாரும் ஏரியைத் “தரிசு” என்ற மாதிரியே எழுதுகிறீர்கள். ஐயா, நான்கு இடத்தில் அடைத்தால் போதும் என்று நீங்கள் சொன்ன அந்தப் பாத்திரத்துக்குள் நாங்கள் இருக்கிறோம்.

மண்டான்காரன்

நான் உங்களை எழும்பிப் போகச் சொல்லவில்லை அண்ணை. நன்னீரிலும் மீன் வளரும்தானே. வன்னிக் குளங்களில் பிடிக்கிறார்கள்.

களங்கண்டி

வளரும். திலாப்பியா. நீங்கள் இறால் விலையும் திலாப்பியா விலையும் ஒருக்கால் சந்தையில் கேட்டுவிட்டு வந்து கதையுங்கள் தம்பி.

றொட்டர்டாம்_வாசி

சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இருப்பது ஒல்லாந்தில். ஓவசியர் ஐயா எழுதியதை வாசிக்கும்போது இங்கே பள்ளியில் பிள்ளைகள் படிக்கிற பாடம் போலவே இருந்தது. தெற்குக் கடல் என்று ஒரு உட்கடல் இருந்தது. 32 கிலோமீட்டர் அணையை 1932இல் குறுக்கே கட்டி முடித்தார்கள். சில வருடங்களில் அது நன்னீர் ஏரி ஆகிவிட்டது. அப்படியென்றால் எங்களுடைய சின்ன ஏரி எழுபது வருடத்தில் ஏன் ஆகவில்லை?

எனக்குத் தோன்றிய பதில்: அங்கே ரைன் ஆற்றின் ஒரு கிளை வருடம் முழுக்க வந்து விழுந்து உப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நமக்கு மூன்று மாதம் மழை, ஒன்பது மாதம் வெயில். பாத்திரம் ஒன்றுதான், ஊற்றுகிற கை வேறு.

களங்கண்டி அண்ணாவுக்காக இன்னொன்று. இங்கே தெற்கே ஹாரிங்வ்லீட் என்று ஒரு ஆற்று வாய். 1970 வாக்கில் மதகு போட்டு மூடினார்கள். வெள்ளம் வெளியே போக மட்டும் திறப்பார்கள். சமன் (சால்மன்) மீன் மாதிரி கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருகிற மீன்கள் மாட்டிக்கொண்டன. 2018இலிருந்து, ஆற்றில் தண்ணீர் போதுமாக இருக்கிற நாட்களில், கடல் ஏறும்போதும் கதவை ஒரு கீற்றளவு திறந்து வைக்கிறார்கள். அதற்கு முன் விவசாயத்துக்கும் குடிநீருக்கும் தண்ணீர் எடுக்கிற வாய்களை உப்பு எட்டாத இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்கே இங்கே வருடக்கணக்கில் அடிபட்டார்கள். பணக்கார நாடு என்றாலும் வாய்ச் சண்டை ஒன்றுதான்.

பழைய_ஓவசியர்

றொட்டர்டாம் தம்பி சரியான இடத்தில் கையை வைத்துவிட்டீர். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். எங்கள் வெயிலுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று வையுங்கள். 200 நாளில் 1 மீட்டர். ஏரியின் ஆழமே பல இடங்களில் அதற்குள்தான். ஆகவே ஒரு சொட்டும் கசியாத கதவு போட்டாலும், வெளியிலிருந்து தண்ணீர் வராவிட்டால், ஆடி ஆவணிக்கு ஏரி வற்றத்தான் செய்யும். மண்டான்காரர் கேட்கிற மாதிரி வந்த தண்ணீரை எல்லாம் பிடித்து வைப்பது கனவு.

இன்னொன்று, மண்டான்காரர் கோபிக்கக் கூடாது. கார்த்திகை முதல் வாரத்தில் சாத்தினால் உங்களுக்குத்தான் நட்டம். முதல் மழை என்ன செய்யும்? கோடை முழுக்கத் தரவையிலும் ஏரி அடியிலும் பூத்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை உள்ளே மறித்தால் உப்புக் கரைசலைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டும், பானை கழுவி ஊற்றுகிற மாதிரி. பிறகு வருகிற மழையைத்தான் மறிக்க வேண்டும். எப்போது மறிப்பது? மார்கழி மழை நிற்கப்போகிறது என்று தெரிந்தால் மறிக்கலாம். அது யாருக்குத் தெரியும்? பிந்திச் சாத்தினால் ஏரி வெறுமை. முந்திச் சாத்தின பிறகு ஒரு தாழமுக்கம் வந்து கொட்டினால் கரை வயல் எல்லாம் வெள்ளத்துக்குள்.

இதற்கு மேல் கடலும் சும்மா இருக்காது. எங்கள் பக்கம் பெருக்கும் வற்றும் பெரிதாக இல்லை. ஆனால் மாரியில் வாடைக்காற்று கடலைக் கரைக்குத் தள்ளும், வாயில் மண்ணும் மூடும். உள்ளே வெள்ளம் நிற்கிற அதே கிழமை, அதாவது அதே வாரத்தில், வெளியே கடலும் உயர்ந்து நிற்கும். கடல் தாழ்கிற சில மணி நேரம்தான் உங்களுக்குத் திறக்கிற நேரம். அது இரவு 2 மணிக்கும் வரும்.

ஆகவே நான் கண்ட வரை, இந்த அணையில் கொங்கிரீட்டைவிடப் பெரிய விஷயம் கைப்பிடி. யார் சுற்றுகிறார்கள், எந்த அளவுகோலைப் பார்த்துச் சுற்றுகிறார்கள் என்பதுதான். களங்கண்டி சொன்ன இறால் கதையும் இதற்குள் வரும். முதல் வெள்ளத்தை விடுகிற நேரமும் இறால் இறங்குகிற நேரமும் ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற அந்த மூன்று கிழமையில் இரண்டு பேருக்கும் வேண்டியது திறந்த கதவு.

கடைமடைக்காரன்

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரங்க பேசுறதுல நான் நுழையலாமான்னு தெரியல, ஆனா இது எங்க ஊர் கதையும்தான். காவிரி கிளை ஆறுகள், வடிகால் எல்லாம் கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஷட்டர் போட்ட ரெகுலேட்டர்கள் எங்களுக்கு உண்டு. ஒரே வேலை, கடல் தண்ணீர் ஏறாமல் தடுப்பது, மழையில் வடிய விடுவது.

ஓவசியர் ஐயா சொன்ன கைப்பிடிக்கு எங்க ஊரில் ஆள் பெயரே உண்டு, லஸ்கர். ஷட்டர் சாவி அவரிடம்தான். என் சின்ன வயதில் எங்கள் பக்கத்து லஸ்கர் தூண்டிலும் போடுவார், நாத்தும் நடுவார். யார் வயலில் எவ்வளவு நிற்கிறது என்று கால் வைத்தே சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஆளுக்கு ஆறேழு ஷட்டர் என்று ஆனது. ஒரு ஐப்பசியில் சாவி ஒரு இடம், ஆள் ஒரு இடம், தண்ணீர் எங்கள் நடவு மேல் நான்கு நாள். கடைசியில் நாங்களே போய் ஷட்டர் பலகையைக் கடப்பாரை போட்டு நெம்பினோம். செய்திருக்கக் கூடாது. அந்தக் கோடையில் அந்த இடைவெளி வழியாகவே உப்பு ஏறியது.

களங்கண்டி

கடைமடை அண்ணை, கடப்பாரை எங்களிடமும் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கச்சான்_சுருள்

இதை எல்லாம் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு யோசிக்க வேண்டும்? அதுதான் தாளையடியில் கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கிற நிலையம் 2024இல் திறந்தாயிற்றே. நாளுக்கு 24,000 கன மீட்டர் என்று சொன்னார்கள். குழாயைத் திற, குடி. ஏரியை இறாலுக்கு விட்டுவிடலாம்.

புத்தூர்_ரீச்சர்

குடிக்கலாம் தம்பி, கெட்டுப்போன கிணற்றை அது மாற்றித் தராது. குழாய்த் தண்ணீரில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க முடியுமா? மின்சாரச் செலவோடு வருகிற தண்ணீர் அது. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றை மறந்தால் எனக்குப் பயம் கூடத்தான். இப்போதே எத்தனை கிணற்றில் நைத்திரேற்று அளவை மீறி நிற்கிறது. உரம் போட்டு இறைப்பதும், மலகூடக் குழியைக் கிணற்றடியில் வெட்டுவதும் நாங்கள்தான். அந்தக் குற்றத்தைக் கடலின் மேல் போட முடியாது.

ஓவசியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆனையிறவு ஏரியை முழுக்க நன்னீராக்கினால் சுண்டிக்குளம் என்னவாகும்? 1938இலிருந்து சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. பூநாரைகள் வருவதே அந்த ஆழமில்லாத உவர்த் தண்ணீருக்காகத்தானே. 1954இல் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

பழைய_ஓவசியர்

ரீச்சர், நான் அந்தத் திட்டத்தில் அரைவாசி வாழ்க்கை நம்பிக்கை வைத்தவன், அதனால் என் பதிலை முழுதாக நம்ப வேண்டாம். 1954இல் இருந்த கனகராயன் ஆறும் இன்றைக்கு இல்லை. இரணைமடுவில் எவ்வளவு மறிக்கிறார்களோ அவ்வளவு குறைந்துதான் கீழே வரும். நல்ல மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிற தண்ணீர் இருக்கிறது, வறண்ட வருடத்தில் இல்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரப் பார்த்தபோது கிளிநொச்சி விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்று எனக்கு விளங்கும். கடலுக்கு வீணாகப் போகிறது என்ற பேச்சிலேயே எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம். களங்கண்டியிடம் கேட்டால் அது வீண் இல்லை என்பார், பூநாரையும் அதையே சொல்லும்.

ஆனால் முள்ளியான் வாய்க்காலை மட்டும் விடமாட்டேன். ஆனையிறவை முழுக்க அடைக்காமலே, வெள்ளம் நிற்கிற சில கிழமைகளில் மேலால் ஓடுகிற நல்ல தண்ணீரில் ஒரு பங்கை வடமராட்சிக்குத் திருப்பிவிட்டால், அந்த ஏரியின் உப்பைக் கழுவ ஒரு கை கிடைக்கும். தை மாசி வரை நல்ல தண்ணீர் நின்றாலே கரைக் கிணறுகளுக்குப் பெரிய உதவி. சித்திரைக்குப் பிறகு அது உவராகட்டும், களங்கண்டிக்கு விட்டுவிடலாம்.

மண்டான்காரன்

தை மாசி வரை என்றால் எனக்குக் கதிர் முற்றிவிடும். அதுவரை காணும். ஆனால் ஐயா, எந்த நாளில் சாத்துவது என்று இதைப் படித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

பழைய_ஓவசியர்

நாள் வைத்துச் சாத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வல்லைப் பாலத்தடியில் ஒரு அடிமட்டமும், உப்பு அளக்கிற கைமீட்டர் ஒன்றும் போதும். மீட்டர் பெரிய விலை இல்லை, இறால் பண்ணைக்காரர் வைத்திருப்பார்கள். கிழமைக்கு இரண்டு தரம் அளந்து, எழுதி, கரையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். உப்பு இறங்குகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம்.

களங்கண்டி

கைமீட்டர் என் மருமகனிடம் இருக்கிறது. எழுதிப் போடுகிறேன். ஆனால் மண்டான் தம்பியும் கூட வந்து நின்று அளக்க வேண்டும். பிறகு நான் கூட்டி எழுதிவிட்டேன், குறைத்து எழுதிவிட்டேன் என்ற கதை வரக் கூடாது.

மண்டான்காரன்

வாறேன். சனிக்கிழமை காலமை, முனியப்பர் கோயிலடி. தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குவோம்.

வல்லைக்காற்று

ஒரு கை தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. எல்லாருக்கும் நன்றி. மாசியில் திரும்ப வரப் பார்க்கிறேன், லீவு கிடைத்தால். அதுவரை உங்கள் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அண்ணை.